பாசிதானே என்கிறவர்களுக்கு

"பாசிதானே அண்ணை, அதுக்கேன் பேரெல்லாம்?"

பாரிஸிலும் புறநகரங்களிலும் உப்புநீர்த் தொட்டி வைத்திருக்கும் நம்மவர்களிடம் இந்தக் கேள்வியை எத்தனை தரம் கேட்டுவிட்டேன் என்று கணக்கில்லை. கேட்பவர் தொட்டிக்கு ஆயிரம் யூரோ செலவழித்திருப்பார். மின்விளக்கின் மொடல் இலக்கம் அவருக்கு மனப்பாடம். கடற்குதிரைகளுக்குச் செல்லப் பெயர்கூட வைத்திருப்பார். அந்தக் கடற்குதிரை வாலைச் சுற்றிப் பிடித்துக்கொண்டிருக்கும் பச்சைச் சாமான் என்னவென்று கேட்டால் மட்டும் 'பாசி' என்பார். மரம் என்ன மரம் என்று கேட்டால் 'மரம்' என்று பதில் சொல்வதுபோல.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தன் தொட்டியில் வளரும் பாசிக்குப் பெயர் சொல்லத் தெரியாதவர், தெரிந்துகொள்ளவும் விரும்பாதவர், கடற்குதிரை வளர்க்கக் கூடாது. கோபம் வருபவர்கள் கோபிக்கலாம். கோபித்துக்கொண்டே மிச்சத்தையும் வாசிக்கலாம்.

நான் விஞ்ஞானி அல்ல. தாவரவியல் படிக்கப் போய் இரண்டாம் வருடத்தோடு, 2006 ஆவணியில் பாதை பூட்டியபோது, படிப்பும் பூட்டுப்பட்டது. பிறகு பாரிஸில் றெஸ்ரோறன்ட் குசினி. கோப்பை கழுவுவதில் தொடங்கி இப்போது மீன் வெட்டும் மேசைக்கு வந்திருக்கிறேன். வீட்டில் 180 லீற்றர்த் தொட்டி ஒன்று. அதில் நான்கு கடற்குதிரைகள், நான்குமே தொட்டியில் பிறந்தவை. கடலில் பிடித்த கடற்குதிரையை விற்கும் கடைக்குள் நான் கால் வைப்பதில்லை. அது இன்னொரு நாள் கதைக்கவேண்டிய சண்டை.

கடற்குதிரைத் தொட்டிக்குப் பாசி ஏன் தேவை என்பதிலிருந்து வருவோம். கடற்குதிரைக்கு வால்துடுப்பு கிடையாது. முதுகிலுள்ள சின்னத் துடுப்பை அடித்து அடித்துத்தான் நகரும். நீரோட்டத்தில் அது ஒரு கடதாசித் துண்டு. அதனால் எதையாவது வாலால் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டும். அதற்கு இரைப்பையும் கிடையாது, பல்லும் கிடையாது. தின்றது நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும். ஆகவே ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தரம் உறையவைத்த மைசிஸ் இறாலைப் போடவேண்டும். இவ்வளவு தீனி போட்டால் இவ்வளவு அழுக்கும் சேரும். தண்ணீரில் நைத்திரேற்றும் பொசுபேற்றும் ஏறும். பாசி அவற்றை உறிஞ்சி வளர்கிறது. வளர்ந்த பாசியில் ஒரு பிடியை வெட்டி எடுத்தால் தொட்டியிலிருந்து ஒரு பிடி அழுக்கை வெளியே எடுத்ததாக அர்த்தம். இதைப் பிளாஸ்ரிக் செடி செய்யாது.

பாசி வளர்ப்பதற்கென்றே பெரிய தொட்டியோடு இணைத்து வைக்கும் சின்னத் தொட்டிக்கு இந்தப் பொழுதுபோக்கில் 'றெஃபியூஜியம்' என்று பெயர். பெரிய மீன்களுக்குத் தப்பி நுண்ணிய இறாலினங்கள் ஒளிந்து பெருகும் இடம். எங்களைப் போன்றவர்களுக்கு இந்தச் சொல்லை மொழிபெயர்த்துச் சொல்லத் தேவையில்லை.

சரி, பாசி தேவை. எந்தப் பாசி? சண்டை இங்கேதான் தொடங்குகிறது.

நான் வேலை செய்யும் குசினிக்கு வரும் மீன்பெட்டி ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். மீனின் இலத்தீன் பெயர், எந்தக் கடலில் பிடித்தது, எந்த வலையால் பிடித்தது எல்லாம் அதில் இருக்கும். ஐரோப்பியச் சட்டம் அப்படி. இன்னும் இரண்டு மணித்தியாலத்தில் எலுமிச்சையோடு தட்டில் போகப்போகும் செத்த மீனுக்கு இவ்வளவு பத்திரம். அதே நகரத்தில் ஒரு மீன்தொட்டிக் கடையில் உயிரோடு, வெட்டினால் இரண்டாக முளைக்கும் ஒரு பாசியை, 'கடற்செடி, 8 யூரோ' என்று எழுதி என்னிடம் நீட்டினார்கள். என்ன இனம் என்று கேட்டேன். "பச்சை இனம்" என்றார் கடைக்காரர். பகிடி விடவில்லை, உண்மையாகவே அவருக்கு அவ்வளவுதான் தெரியும்.

கடைக்காரருக்குத் தெரியாவிட்டால் வாங்குபவருக்குத் தெரியவேண்டும். இது பெரிய வித்தை அல்ல. பத்து யூரோவுக்கு ஒரு கைவில்லையும் கொஞ்சம் பொறுமையும் போதும். முதலில் நிறத்தை நம்பாதீர்கள். சிவப்புப் பாசிகள் கடும் வெளிச்சத்தில் மஞ்சளாகவும் பச்சையாகவும் வெளிறிப்போகும். அமைப்பைப் பாருங்கள்.

கொடி ஓடுகிறதா? தரையில் படுத்த தண்டு, அதிலிருந்து கீழே வேர்போன்ற இழைகள், மேலே இலைபோன்ற பகுதிகள் என்றால் அது கோலெர்ப்பா. மேலே எழும் பகுதி ஒவ்வொரு இனத்திலும் ஒவ்வொரு மாதிரி. வழுவழுப்பான தட்டை நாடாவாக இருந்தால் புரோலிஃபெரா. உருண்டை ஊசிகள் கொண்ட இறகு என்றால் செர்ட்டுலேரியோய்டிஸ். குலையாய்ச் சின்ன உருண்டைகள் என்றால் ரசிமோசா, அல்லது ஒக்கினாவாவிலும் பிலிப்பைன்ஸிலும் பச்சையாகத் தின்னும் லென்டிலிஃபெரா. தட்டையான இறகு, எதிரெதிர்ச் சோடிகளாக மேல்நோக்கி வளைந்த சின்ன இலைகள், ஒவ்வொன்றும் அடியில் ஒடுங்கியது என்றால் டாக்சிஃபோலியா. அதேபோல, ஆனால் இலைகள் அகலமாய் நெருங்கி ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தால் மெக்சிக்கானா. இந்த இரண்டு பெயர்களையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேலை இருக்கிறது.

தொட்டால் கல்லா? சின்ன நாணயங்களைக் கோர்த்ததுபோல் இருந்தால் ஹலிமீடா. ஒரு துண்டை வெளியே எடுத்து வினாகிரி ஒரு சொட்டு விட்டால் நுரைக்கும், ஏனென்றால் உடம்பில் சுண்ணாம்பு. தண்ணீரில் கல்சியம் குறைந்தால் வளராது.

திராட்சை மாதிரியா? சிவப்பு முத்துகள் காம்பில் குலையாய் நின்று, உள்ளே வழுவழுப்பான கூழ் இருந்தால் பொட்ரியோக்ளாடியா. அழகானது, ஆபத்தில்லாதது. கல்லில் ஒட்டிய பச்சைக் கண்ணாடிக் குண்டு என்றால் வலோனியா. அதை நசுக்காமல் அடியோடு கழற்றி எடுங்கள். விட்டால் தொட்டி முழுதும் குண்டுமணி கொட்டியதுபோல் ஆகிவிடும்.

நார் மாதிரியா? கீட்டோமோர்பாவை றெஸ்ரோறன்ட் வேலையாட்கள் எவரும் ஒரு பார்வையில் கண்டுபிடிப்பார்கள். சட்டி தேய்க்கும் பச்சை நார்தான். கிளையில்லாத விறைத்த இழை, எதிலும் ஒட்டாமல் பந்தாய்ச் சுருண்டு கிடக்கும். வில்லையில் பார்த்தால் மணிகோர்த்த சங்கிலிபோல் கலங்கள் வரிசையாக நிற்கும். அதற்குப் பதில் மெல்லிய இறகாய், தண்ணீருக்கு வெளியே எடுத்ததும் துவண்டு ஒட்டிக்கொள்வதாய் இருந்தால் பிரயோப்சிஸ். அது உங்கள் நண்பன் அல்ல.

கிளை இரண்டிரண்டாகப் பிரிகிறதா? மெல்லிய கபில நிற நாடா, சில வேளை நீலப் பளபளப்போடு கவராகிப் போனால் டிக்டியோட்டா. கண்ட இடத்திலெல்லாம் முளைக்கும், எடுத்து விடுங்கள். தடித்து, கம்பளித்துணிபோல் மெத்தென்று கவரானால் கோடியம். மெதுவாய் வளரும், கடற்குதிரை பிடித்துக்கொள்ள அருமையானது. உருண்டைக் கிளைகள், குருத்தெலும்புபோல் கடினம், சிவப்பு என்றால் அநேகமாகக் கிராசிலேரியா.

இவ்வளவுதான். ஐந்து கேள்விகள். இதற்கே "உங்களுக்கு விசர் அண்ணை" என்கிறார்கள். பெயர் தெரியாவிட்டால் என்ன நடந்துவிடும் என்கிறார்கள். நடந்ததைச் சொல்கிறேன். நாங்கள் இருக்கும் இதே நாட்டின் தென்கரையில் நடந்தது.

ஜெர்மனியின் ஸ்ருட்கார்ட் நகர வில்ஹெல்மா விலங்குப் பூங்காவில் கோலெர்ப்பா டாக்சிஃபோலியாவைத் தொட்டிகளில் வளர்த்தார்கள். வெப்பக்கடல் பாசி, ஆனால் இந்தத் தொட்டி வகை குளிரையும் தாங்கியது, கொழுத்து வளர்ந்தது, அழகாகவும் இருந்தது. அங்கிருந்து பிரான்ஸின் நான்சி நகருக்குப் போனது. அங்கிருந்து மொனாக்கோவின் கடலியல் அருங்காட்சியகத்துக்குப் போனது. 1984-இல் அந்த அருங்காட்சியகத்தின் அடியில், கடலில், ஏறத்தாழ ஒரு சதுர மீற்றர் அளவில் அது வளர்ந்திருந்தது. அருங்காட்சியகத்தின் இயக்குநர் அப்போது வேறு யாருமல்ல, கடலின் காவலர் என்று உலகமே கொண்டாடிய ஜாக் குஸ்தோ. 1989-இல் அது ஏறத்தாழ ஒரு ஹெக்ரேயர். நீஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் அலெக்சாந்த்ர் மெனேஸ் கத்திக்கொண்டே இருந்தார். 2000-ஆம் ஆண்டு முடிவில் ஆறு நாடுகளின் கரைகளில் சுமார் 131 சதுர கிலோமீற்றர் பரப்பில் அது இருந்தது. விதைத்துப் பரவவில்லை, துண்டு துண்டாய்ப் பரவியது. நங்கூரத்தில் சிக்கிய துண்டு, வலையில் சிக்கிய துண்டு. ஒரு சென்ரிமீற்றர்த் துண்டு போதும்.

நான் சொல்லவந்த விசயம் இனித்தான். குற்றச்சாட்டு எழுந்தபோது மறுதரப்பு வைத்த வாதம் என்ன தெரியுமா? இது தொட்டியிலிருந்து வந்தது அல்ல, ஏற்கெனவே கிழக்கு மத்தியதரைக் கடலிலிருந்த மெக்சிக்கானா உருமாறி இப்படி ஆகியிருக்கிறது என்றார்கள். ஞாபகத்தில் வைக்கச் சொன்ன இரண்டு பெயர்கள் இவைதான். மெக்சிக்கானா என்றால் இயற்கையின் திருவிளையாடல், யார்மீதும் பழியில்லை. டாக்சிஃபோலியா என்றால் ஒரு நிறுவனம் பதில் சொல்லவேண்டும். 1998-இல் மரபணுச் சோதனைகள் வெளிவந்தன. மெக்சிக்கானாவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, கடலில் இருப்பதும் தொட்டிகளில் இருப்பதும் ஒன்றே என்று தெரிந்தது. அந்தப் பதினான்கு வருடங்களில் கடல் போய்விட்டது.

"பேரில என்ன இருக்கு" என்கிறவர்களே, பேரில் பொறுப்பு இருக்கிறது. பெயரைக் குழப்புவதால் இலாபமடைபவர் எப்போதும் ஒருவர் இருப்பார். அவர் தொட்டிக்குச் சொந்தக்காரராகத்தான் இருப்பார்.

2000-இல் அதே வகை கலிபோர்னியாவில் கார்ல்ஸ்பாட் நகரக் கடனீரேரி ஒன்றில் முளைத்தது. அங்கே விவாதம் நடத்தவில்லை. கண்ட இடமெல்லாம் தார்ப்பாய் போட்டு மூடி உள்ளே குளோரின் விட்டார்கள். 2006-இல் ஒழிந்தது என்று அறிவித்தபோது செலவு 70 இலட்சம் டொலரைத் தாண்டியிருந்தது. பிரான்ஸ் 1993-இலேயே இந்தப் பாசியை விற்பதையும் வாங்குவதையும் கடலில் விடுவதையும் தடைசெய்திருந்தது. கலிபோர்னியா 2001-இல் ஒன்பது கோலெர்ப்பா இனங்களைத் தடைசெய்து, பட்டியலில் இல்லாத புரோலிஃபெரா 2021-இல் நியூபோர்ட் கரையில் முளைத்தபின், 2023-இல் சட்டத்தை மாற்றி முழுக் கோலெர்ப்பாவையுமே தடைசெய்தது. 'பச்சை இனம்' என்று விற்கும் கடைக்காரர்கள் இருக்கும்வரை பட்டியலால் பிரயோசனமில்லை.

"அது பிறகு தானாகவே குறைஞ்சு போச்சே" என்பார்கள் விசயம் தெரிந்த சிலர். உண்மை. 2000களின் நடுப்பகுதிக்குப் பிறகு பிரெஞ்சுக் கரையின் பல இடங்களில் அது வற்றிப்போனது. ஆனால் அது மூடி வளர்ந்த பொசிடோனியாக் கடற்புல் வருடத்துக்குச் சில சென்ரிமீற்றர்தான் பரவும். வீட்டை எரித்த நெருப்பு தானாக அணைந்துவிட்டது என்று சந்தோசப்படுபவரோடு எனக்குக் கதையில்லை.

இன்னொரு நண்பர் இருக்கிறார், படித்தவர், இடதுசாரி. அவர் கேட்டார்: "நீயும் ஒரு அகதி. 'அந்நிய இனம்', 'ஆக்கிரமிப்பு இனம்' எண்டு கதைக்க உனக்கு வெக்கமில்லையா? இது லு பென் கட்சியின்ர பாசையல்லோ?"

தோழருக்குப் பதில். பிரெஞ்சுப் பத்திரிகைகள் அதற்குக் 'கொலைகாரப் பாசி' என்று பெயர் வைத்தன. நான் அந்தச் சொல்லைப் பாவிப்பதில்லை. பாசி யாரையும் கொல்லவில்லை. பாசி செய்வதைத்தான் அது செய்தது. அது போர் தாங்காமல் எல்லை தாண்டி வரவும் இல்லை. பெரிய மனிதர்கள் காட்சிக்கு வளர்த்தார்கள், தொட்டிக் கழிவோடு வெளியே போகவிட்டார்கள், பிறகு 'இது எங்களுடையது அல்ல' என்றார்கள். இந்தக் கதையில் அகதியைத் தேடுவதாக இருந்தால் பாசியிடம் தேடாதீர்கள். இடம் பறிபோன கடற்புல்லிடமும் அதில் குடியிருந்த மீன்குஞ்சுகளிடமும் தேடுங்கள். அருங்காட்சியகத்தை வேண்டுமானால், ஒரு நாட்டுக்கு ஆயுதம் விற்றுவிட்டு அங்கிருந்து ஓடிவந்தவனிடம் "நீ எப்படி வந்தாய்" என்று கேட்கும் அரசுகளோடு ஒப்பிடலாம். மனிதனைப் பாசி என்று சொல்பவன் நாசி. பாசியை மனிதன் என்று சொல்பவர் சோம்பேறி. இரண்டுக்கும் நடுவில் நிற்கத்தான் தாவரவியல் இருக்கிறது.

தொட்டிக்குள்ளும் கோலெர்ப்பா வேண்டாம் என்பதற்குத் தனிக் காரணம் உண்டு. அந்தக் கொடி ஒரு மீற்றர் ஓடினாலும் முழுவதும் ஒரே கலம். உள்ளே குறுக்குச் சுவர் இல்லை, எண்ணிக்கையில்லாக் கருக்கள் மிதக்கும் ஒரே குழாய். இனப்பெருக்கம் செய்ய முடிவெடுத்தால் உள்ளிருப்பது எல்லாவற்றையும் ஒரேயடியாக வெளியே கொட்டிவிட்டுச் செத்துப்போகும். விடியக்காலை எழும்பிப் பார்த்தால் தண்ணீர் பச்சைப் பால், பாசி வெள்ளைக் கூடு. அது உறிஞ்சி வைத்திருந்த அழுக்கெல்லாம் திரும்பத் தண்ணீரில். ஒட்சிசன் விழும். ஓடித் தப்ப முடியாத கடற்குதிரைக்குத்தான் முதல் அடி.

ஆகவே நான் சொல்வது: சின்னத் தொட்டியில் கீட்டோமோர்பா. காட்சித் தொட்டியில் கிராசிலேரியா, கோடியம், பொட்ரியோக்ளாடியா. கல்சியம் பார்த்துக்கொள்ள முடியுமானால் ஹலிமீடா. கொடி ஓடும் எதுவும் வேண்டாம். டாக்சிஃபோலியாவா மெக்சிக்கானாவா என்று சந்தேகமாக இருந்தால் டாக்சிஃபோலியா என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பராமரிப்பும் கஷ்டமில்லை. வெப்பநிலை 24 பாகையைத் தாண்டக் கூடாது. சூடு கூடினால் விப்ரியோ போன்ற பக்ரீரியாக்கள் கடற்குதிரையைத் தின்றுவிடும். நைத்திரேற்றைப் பூச்சியமாக்கிவிட்டுப் பாசி வளரவில்லை என்று அழாதீர்கள், அதற்கும் சாப்பாடு வேண்டும். கீட்டோமோர்பாப் பந்தை வாரம் ஒருமுறை உதறி எடுங்கள், உள்ளே சிக்கிய மைசிஸ் அழுகும். கடையில் வாங்கியதை நேரே போடாமல் வெளிச்சமுள்ள வாளியில் இரண்டு மூன்று கிழமை தனியே வையுங்கள். இரவில் ரோர்ச் அடித்துப் பாருங்கள். அய்ப்ராசியா என்ற சின்ன அனிமனியும் ஹைட்றோயிட்டும் பாசியோடுதான் வந்து இறங்கும். இரண்டும் கொட்டும். கடற்குதிரைக்குச் செதிலில்லை. குஞ்சுகள் செத்தே போகும்.

இலத்தீன் பெயர் வெள்ளைக்காரன் விளையாட்டு என்று நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. யாழ்ப்பாணத்தில் கரையொதுங்குவதையெல்லாம் நாங்கள் சாதாழை என்று சொல்லி அள்ளித் தோட்டத்துக்குப் பசளையாய்ப் போட்டோம். கடலுக்கு அந்தப் பக்கம், பாம்பனில், விரலில் துணி சுற்றிக்கொண்டு மூச்சடக்கி மூழ்கிப் பாசி எடுக்கும் பெண்கள் இருக்கிறார்கள். கிராசிலேரியா அவர்களுக்குக் கஞ்சிப்பாசி. ஜெலிடியெல்லா மரிக்கொழுந்துப் பாசி. சர்காசம் கட்டக்கோரை. டர்பினேரியாவைப் பார்த்தால் பக்கோடா மாதிரி இருக்கும், ஆகவே பக்கோடாப் பாசி. பள்ளிக்கூடமே போகாதவர்களும் அவர்களில் உண்டு. எது என்ன விலை, எங்கே வளரும் என்று தெரியாமல் வயிறு கழுவ முடியாது, அதனால் பெயர் வைத்தார்கள். அதே மன்னார் வளைகுடாவில், வெளியிலிருந்து கொண்டுவந்து வளர்க்கத் தொடங்கிய கப்பாபைகஸ் பாசி குருசடைத் தீவின் பவளப்பாறைமேல் ஏறிவிட்டது என்று 2008-இல் ஆய்வு வெளிவந்தது. கொண்டுவந்தவர்கள் அந்தப் பெண்கள் அல்ல. மறுபடியும் பாசியின் குற்றமுமல்ல.

தொட்டி வைத்திருப்பவர்களே, மூன்று விசயம் கேட்கிறேன். பெயரில்லாப் பாசியை விற்கும் கடையில் பெயர் கேளுங்கள், சொல்லாவிட்டால் காசைச் சட்டைப் பையில் திரும்ப வையுங்கள். வெட்டிய பாசியைக் கழிவறையிலும் கைகழுவும் தொட்டியிலும் போடாதீர்கள். பையில் கட்டிக் குளிர்ப்பெட்டியின் உறைபகுதியில் ஒரு நாள் முழுக்க வைத்துப் பிறகு குப்பையில் போடுங்கள். கோடை விடுமுறைக்கு மார்செய் போகும்போது தொட்டியிலுள்ளதைக் கடலுக்கு 'விடுதலை' செய்யும் புண்ணியகாரியம் வேண்டவே வேண்டாம்.

1984-இல் இருந்தது ஒரு சதுர மீற்றர். என் குசினியில் மீன் வெட்டும் மேசை அதைவிடப் பெரிது. இரண்டு பேர் மூழ்கி ஒரு பின்னேரத்தில் பிடுங்கி முடித்திருக்கலாம். பிடுங்கவேண்டியவர்களும் 'பாசிதானே' என்றுதான் இருந்தார்கள்.